ரோஸ்மேரிச் செடியை மாரிக்கு முன் வெட்டலாமா?

விசுவமடு வளவு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு ரோஸ்மேரிச் செடி நிற்கிறது. மகள் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் நுவரெலியாவுக்குப் போனபோது சிறு பையில் வாங்கி வந்த கன்று. அப்போது ஒரு சாண் உயரம்கூட இல்லை. இப்போது என் இடுப்பளவுக்கு வந்துவிட்டது. பெரிய பெயின்ற் வாளி ஒன்றின் அடியில் துளை போட்டு, அதில் நட்டு, குசினி வாசலுக்குப் பக்கத்தில் சீமெந்துத் தரையில் வைத்திருக்கிறேன். காலை வெயில் நன்றாகப் படும். பின்னேரம் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போது இதற்கும் ஊற்றிவிடுவேன்.

செடியின் அடிப்பக்கம் மொட்டையாகிவிட்டது. முழங்கால் உயரத்துக்கு வெறும் தடிதான். பட்டை வெடித்துச் சாம்பல் நிறமாக இருக்கிறது. இலையெல்லாம் உச்சியில். பாரம் தாங்காமல் ஒரு பக்கம் சாய்ந்து, கம்பு நாட்டிக் கட்டியதால் நிற்கிறது. மகளுக்கு முடி கொட்டுகிறது என்று இலையை உருவி அவித்து அந்தத் தண்ணீரைத் தலைக்குப் பூசுகிறோம். கோழி பொரிக்கும்போதும் கொஞ்சம் போடுவேன். ஆகவே இலையும் வேண்டும், செடியும் சாகக்கூடாது.

மாமி முழங்கால் மட்டத்தில் வெட்டிவிடச் சொல்கிறார். “முருங்கையை ஒடித்து வளர்” என்பது எல்லா மரத்துக்கும் பொருந்தும் என்கிறார். இப்போது வெட்டினால் ஐப்பசி மழையோடு துளிர்த்து, தைப்பொங்கலுக்குள் செழித்துவிடும் என்பது அவருடைய கணக்கு. இவரோ வாசனைச் செடியில் கத்தி வைக்கவே கூடாது என்கிறார். இருவருக்கும் நடுவில் நான். வெட்டலாமா? வெட்டுவதென்றால் எந்த இடத்தில், எப்போது? அந்த மொட்டைத் தடியில் மறுபடி இலை வருமா?

---

மல்லாவி மண் எழுதியது:

அக்கா, பயப்படாமல் வெட்டுங்கள். எங்கள் வளவில் கறிவேப்பிலை கூரைக்கு மேலே போய்விட்டது. மார்பளவில் வெட்டிவிட்டோம். மழை விழுந்ததும் சுற்றிவரக் கிளை வெடித்து, இப்போது கையெட்டும் உயரத்தில் கைநிறைய இலை. மாமி சொல்வது அனுபவத்தில் வந்த பேச்சு. கொஞ்சம் மாட்டெரு போட்டு, பாதிக்கு வெட்டிவிடுங்கள்.

---

ஓமந்தை வெளி எழுதியது:

தங்கச்சி, மாமி காட்டிய இடத்தில் மட்டும் வெட்டிவிடாதீர்கள். செடி போய்விடும்.

மல்லாவித் தம்பி கறிவேப்பிலைக்குச் சொன்னது சரிதான். கறிவேப்பிலையை நிலமட்டத்தில் தறித்தாலும் வேரிலிருந்து கன்று கிளம்பும். முருங்கையும் சீமைக்கிளுவையும் அதைவிட ஒரு படி மேல். வெட்டிய கொப்பைக் கதியாலாக நட்டாலும் தளிர்த்துவிடும். இந்த மண்ணில் நாம் பார்த்துப் பழகிய மரங்களில் பல இப்படி வெட்ட வெட்டத் தழைப்பவை. அதனால்தான் மாமிக்கு அந்த நம்பிக்கை, அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரோஸ்மேரிக்கு அந்தக் குணம் கிடையாது. இலை உதிர்ந்து முற்றிப்போன தடியில் வெட்டினால், அந்தத் தடி பெரும்பாலும் வெட்டிய இடத்திலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்துகொண்டே போகும். எல்லாத் தடியையும் அந்த மட்டத்தில் வெட்டினால் வாளியில் விறகுதான் மிஞ்சும்.

வெட்டுவதற்கு எதிரான ஆள் அல்ல நான். என் அப்பா ஹற்றன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். 1977 கலவரத்துக்குப் பிறகு வவுனியாவுக்கு வந்து, பற்றை வெட்டி, கொட்டில் போட்டுக் குடியிருந்த காலத்திலும் அவருடைய கவ்வாத்துக் கத்தி கூரை வளையில் செருகியே இருந்தது. வேலியில் ஒரு கொப்பு வெட்டினாலும் ஒரே இழுப்பில் சரிவாக வெட்டுவார். வெட்டுமுகம் நகத்தால் தடவினால் வழுக்க வேண்டும். பட்டை கிழிந்து தொங்கினால் அன்று முழுவதும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

தேயிலையை மலைநாட்டில் நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை அப்படியே தணித்து வெட்டுவார்கள். இடுப்பளவுச் செடி முழங்கால் அளவுக்கு இறங்கிவிடும். பச்சை என்று சொல்ல ஒன்றும் இருக்காது. ஆனாலும் சில மாதங்களில் கொழுந்து வந்துவிடும். அதற்கு இரண்டு காரணம். முதிர்ந்த தடிக்குள்ளேயே உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. அந்த மொட்டுகள் விழித்து இலை விடும்வரை சோறு போட வேரில் மாப்பொருள் சேமிப்பு இருக்கிறது. கவ்வாத்துக்கு முன் பென்சில் பருமனான வேர் ஒன்றை வெட்டி, வெட்டுமுகத்தில் அயடீன் தடவிப் பார்ப்பார்கள். கறுநீலமாக மாறினால் சேமிப்புப் போதும், வெட்டலாம். வெளிறிக் கிடந்தால் கொழுந்து எடுப்பதை நிறுத்தி, செடியை ஆறவிட்டுப் பிறகுதான் கத்தி. அவ்வளவு பெரிய தோட்டத்திலேயே செடியைக் கேட்டுவிட்டுத்தான் வெட்டினார்கள்.

ரோஸ்மேரி மத்தியதரைக் கடலோரத்துக் காய்ந்த கல்லு மலைச் சரிவுகளில் பிறந்த செடி. அதன் உயிர்ப்பு முழுவதும் இலை நிற்கும் பகுதியில்தான். தடி முற்ற முற்ற, அங்கிருந்த மொட்டுகள் வலுவிழந்து போய்விடுகின்றன.

ஒரு தடியை உச்சியிலிருந்து அடிவரை விரலால் தடவிக்கொண்டே போய்ப் பாருங்கள். நுனியில் தண்டு பச்சையாக, மெதுவாக, துளசித் தண்டைப் போல நாற்சதுரமாக இருக்கும். அழுத்தினால் வளையும், விரலில் பிசின் ஒட்டும். அதற்குக் கீழே தண்டு மண்ணிறமாகி உருண்டிருக்கும், ஆனால் இலை இன்னும் நிற்கும். அதற்கும் கீழே நீங்கள் சொன்ன சாம்பல் நிறத் தடி. முதல் பகுதியில் தாராளமாக வெட்டலாம். இரண்டாம் பகுதியில் யோசித்து வெட்டலாம். மூன்றாவதில் கத்தி படவே கூடாது.

இலைகள் எதிரெதிராகச் சோடி சோடியாக நிற்கும். ஒவ்வொரு இலையின் கக்கத்திலும் உற்றுப் பார்த்தால் அரிசிக் குறுநொய் அளவில் ஒரு சிறு தளிர் ஒளிந்திருக்கும். அந்தச் சோடிக்குச் சற்று மேலே வெட்டினால் இரண்டு தளிரும் இரண்டு கிளையாகக் கிளம்பும். வெட்டின பிறகு ஒவ்வொரு கிளையிலும் நான்கு விரல் நீளத்துக்காவது இலை நிற்க வேண்டும். ஒரே தடவையில் மொத்தப் பச்சையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது.

இனி, காலம். மழைக்கு முன் வெட்டுவது இந்தச் செடிக்கு உகந்ததல்ல. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே நாள்கணக்கில் வெயில் தெரியாது. வெட்டுக்காயம் ஆற காய்ந்த காற்று வேண்டும்; அதற்குப் பதிலாக ஈரம் நின்றால் நுனி கறுத்து அழுகும். இலையும் குறைந்து, வேரும் தண்ணீரில் நிற்கிறது என்றால், குடிக்க முடியாத தண்ணீரை வேர் என்ன செய்யும்? தை பிறந்து, மழை விட்டு, காலையில் பனி இறங்கிப் பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்குமே, அந்த நாட்கள்தான் ரோஸ்மேரிக்கு இங்கே நல்ல காலம். தை நடுவிலிருந்து பங்குனி வரை வெட்டலாம். சோளகம் வீசும் ஆனி, ஆடியில் நுனி கிள்ளுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே நிழலில் வளர்ந்த இலையை அந்தக் காற்றுக்குத் திறந்துவிட்டால் கருகிவிடும்.

இப்போது செய்யக்கூடியது ஒன்று உண்டு. மழை வராத காலை ஒன்றில், உச்சியில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு அடர்ந்து நிற்கும் சில கிளைகளை மட்டும் எடுத்துவிடுங்கள். காற்று ஊடுருவும். சாய்வும் குறையும். கத்தரிக்கோலைக் கொதிநீரில் கழுவித் துடைத்துவிட்டு வெட்டுங்கள்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். இலையை உருவி எடுக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அடி மொட்டையானதற்கு அதுவும் காரணமாக இருக்கும். கறிவேப்பிலையில் கீழிருந்து ஈர்க்கு ஈர்க்காக ஒடிப்பதுபோல இதில் எடுத்தால், உருவிய இடத்தில் திரும்ப இலை வராது. அந்த இடம் தடியாக முற்றிவிடும். தேயிலையில் கொழுந்து எடுப்பதைப் போல நுனியோடு கிள்ளி எடுங்கள். ஒவ்வொரு கிள்ளலும் ஒரு சிறு கவ்வாத்து. அப்படி எடுத்து வந்தால் தனியாக வெட்டவேண்டிய தேவையே அரிதாகத்தான் வரும்.

---

நெடுங்கேணியான் எழுதியது:

ஓமந்தை அக்கா எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். நான் லண்டனில் இருக்கிறேன். வீட்டு முன்வாசலில் இடுப்பளவு ரோஸ்மேரி வேலி இருக்கிறது. இங்கே வசந்தத்தில் நீலப்பூ நிறையப் பூக்கும். பூத்து முடிந்ததும் வெட்டுவோம். இலையுதிர் காலம் பிறந்த பின் தொடமாட்டோம், ஏனென்றால் புதுத்துளிர் உறைபனியில் கருகிவிடும். இணையத்தில் நீங்கள் படிக்கும் ஆலோசனைகள் பெரும்பாலும் இந்தக் குளிர்நாட்டுக் கணக்கில் எழுதப்பட்டவை. வன்னியில் உறைபனி இல்லை. வெப்பத்தில் செடி பூக்காமலே நிற்கவும் கூடும். ஆகவே “பூத்த பின் வெட்டு” என்ற விதிக்காக அங்கே காத்திருந்து பயனில்லை, அக்கா சொன்ன மழைக் கணக்குத்தான் சரி. முற்றிய தடியில் வெட்டக்கூடாது என்பது மட்டும் இரண்டு நாட்டுக்கும் பொது.

தேடிப் படிப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2017இல் தாவரவியலாளர்கள் ரோஸ்மேரியைச் சால்வியா பேரினத்தோடு சேர்த்துவிட்டார்கள். பழைய புத்தகத்தில் ரோஸ்மாரினஸ் என்றும் புதியவற்றில் சால்வியா என்றும் இருக்கும். செடி ஒன்றுதான்.

பிள்ளையின் முடி விடயம். 2015இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் ரோஸ்மேரி எண்ணெயை, முடி வளரத் தலையில் பூசும் மருந்தான 2 வீத மினொக்சிடிலோடு ஆறு மாதம் ஒப்பிட்டு, இரண்டிலும் முடி கூடியதாகக் கண்டார்கள். இந்தப் பரபரப்பெல்லாம் பெரும்பாலும் அதை வைத்துத்தான். ஆனால் அது ஆண்களுக்கு வரும் பரம்பரை வழுக்கையைப் பற்றியது. பயன்படுத்தியது எண்ணெய், அவித்த தண்ணீர் அல்ல. வளரும் பிள்ளைக்கு முடி கொட்டினால் இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். இலைத் தண்ணீரைப் பூசுவதை அதற்காக நிறுத்த வேண்டியதில்லை.

---

விசுவமடு வளவு எழுதியது:

அக்கா, அண்ணா, இருவருக்கும் நன்றி. மாமிக்கும் வாசித்துக் காட்டினேன். தேயிலை வேரில் அயடீன் பூசும் கதையை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

இன்று காலையில் மொட்டைத் தடிகளை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். இரண்டில் உள்ளே பழுப்பு நிறம், மற்றவற்றில் பட்டைக்குக் கீழே நல்ல பச்சை. பச்சை இருந்தால் உயிர் இருக்கிறதுதானே? அப்படியென்றால் அங்கே துளிர்க்காதா? வெட்டும் கிளைகளை நட்டு வேறு கன்று எடுக்கலாமா?

---

கட்டுக்கரை எழுதியது:

கத்தியைப் பற்றி அக்கா சொல்லிவிட்டார். நான் வாளியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் மாரியில் இந்தச் செடியைக் கொல்வது தண்ணீர்.

எங்களுக்கு முருங்கன் பக்கம். கறுப்புக் களிமண், கோடையில் கைவிரல் போகும் அளவுக்கு வெடிக்கும், மழையில் செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நெல்லுக்குச் சொர்க்கம், ரோஸ்மேரிக்கு நரகம். உங்கள் பக்கத்துச் சிவப்பு மண் அவ்வளவு மோசமில்லை என்றாலும் வாளிக்குள் இறுகிவிட்டால் தண்ணீர் இறங்காது.

முதலில் வாளியைச் சீமெந்துத் தரையிலிருந்து தூக்கி மூன்று செங்கல்லின் மேல் வையுங்கள். தரையோடு ஒட்டியிருக்கும்போது அடித்துளை அடைபட்டுவிடும். அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் பக்கவாட்டிலும் சில துளை போடுங்கள். மழை தொடங்கியதும் தாழ்வாரத்துக்குள் இழுத்துவிடுங்கள், ஆனால் கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் வேண்டாம். பின்னேரத்தில் மிளகாயோடு சேர்த்து ஊற்றுவதையும் நிறுத்துங்கள். மிளகாயின் தாகம் வேறு, இதன் தாகம் வேறு. விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

மழை விட்ட பிறகு மண் மாற்றுங்கள். சிவப்பு மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, எரித்த உமி ஒரு பங்கு. அரிசி ஆலையில் உமி கேட்டால் கிடைக்கும். உக்கிய மாட்டெரு ஒரு கைப்பிடி போதும். யூரியா வேண்டவே வேண்டாம். இலை கொழுத்து வாசனை குறைந்துவிடும். கிணற்றுத் தண்ணீரில் கேத்தலுக்குள் வெள்ளைப் படிவு விழுகிறதே என்று கவலைப்படாதீர்கள். சுண்ணாம்பு நிலம் அதற்குப் பழக்கமானது.

---

ஓமந்தை வெளி எழுதியது:

கட்டுக்கரைத் தம்பி சொன்னதை இன்றே செய்யுங்கள் தங்கச்சி. வெட்டு தை வரை பொறுக்கும், வாளி பொறுக்காது.

சுரண்டிப் பார்த்தது நல்ல வேலை. பழுப்பாக இருந்த இரண்டு தடியும் செத்தவை. மேலே இலை இல்லாவிட்டால் அடியோடு எடுத்துவிடலாம். மற்றவற்றில் பச்சை இருப்பது, அந்தத் தடி வழியாக உச்சிக்குத் தண்ணீர் போகிறது என்பதற்கு அடையாளம். அங்கே மொட்டு இருக்கிறது என்பதற்கு அடையாளம் அல்ல. உச்சியை நீங்கள் எடுத்துவிட்டால் தண்ணீர் இழுக்க ஆள் இல்லை.

ஆனால் ஒரு நல்ல செய்தியும் இருக்கலாம். உச்சியைக் கொஞ்சம் ஐதாக்கி உள்ளே வெளிச்சம் விட்டால், சில செடிகளில் தடியின் நடுவில் தானாகவே சிறு பச்சைப் புள்ளி ஒன்று முளைக்கும். தையில் ஒவ்வொரு தடியாகப் பாருங்கள். எங்கே அப்படி ஒரு துளிர் வந்து விரல் நீளத்துக்கு வளர்ந்திருக்கிறதோ, அந்தத் தடியை அந்தத் துளிருக்கு மேலே வெட்டி இறக்கலாம். துளிர் இல்லாத தடியை உயரத்திலேயே விட்டுவிடுங்கள். இப்படி ஒவ்வொன்றாக இறக்குவதற்கு ஓர் ஆண்டுக்கு மேலேயும் ஆகலாம், அவசரப்படாதீர்கள்.

கன்று எடுப்பதை இப்போதே தொடங்குங்கள். உண்மையில் உங்கள் நம்பிக்கையை அங்கேதான் வைக்க வேண்டும். அடி மொட்டையான தாய்ச்செடியை முழுதாகத் திருத்த முடியாது. ஆனால் அதன் நுனிகளிலிருந்து, முதல் நாளிலிருந்தே ஒழுங்காகக் கிள்ளி வளர்த்த புதுச்செடி எடுக்கலாம். ஐதாக்கும்போது விழும் கிளைகளில் பூ இல்லாத, வளைத்தால் முறியாமல் வளையும் நுனிகளாகப் பார்த்துப் பத்துச் சென்ரிமீற்றர் நீளத்துக்கு எடுங்கள். இலைக்கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டு. கீழ்ப்பாதி இலையை இழுக்காமல், பட்டை கிழியாமல் மெதுவாகக் கிள்ளுங்கள். மணலும் எரித்த உமியும் சரிபாதி கலந்த சிறு சட்டியில் மூன்று நான்காகக் குத்தி, தாழ்வார நிழலில் வையுங்கள். பெரிய செடிக்கு ஆகாத மாரி ஈரக்காற்று இந்தத் தண்டுகளுக்கு நல்லது; இலை வாடாது. மழைத் துளி மட்டும் நேரே விழக்கூடாது. நாலு தொடக்கம் ஆறு கிழமையில் மெல்ல இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டால் வேர் வந்துவிட்டது. எல்லாம் பிடிக்காது, ஆகவே தேவைக்கு மேல் சிலவற்றைக் குத்துங்கள்.

புதுக்கன்று ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். மனம் வராது, ஆனால் கிள்ளுங்கள். இரண்டு கிளை வரும். அவையும் ஒரு சாண் ஆனதும் மறுபடி. அடியிலிருந்தே அடர்ந்து வந்தால் கம்பு நாட்டிக் கட்டவேண்டி வராது.

---

மல்லாவி மண் எழுதியது:

ஓமந்தை அக்கா, உங்கள் விளக்கம் எனக்கும் தெளிவாகிவிட்டது. பாதிக்கு வெட்டச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தேசிக்காய் மரத்துக்கும் இந்தக் கணக்குத்தானா? எங்கள் மரம் உள்ளே ஒரே முள்ளும் காய்ந்த கொப்புமாக இருக்கிறது.

---

ஓமந்தை வெளி எழுதியது:

தேசி வேறு தம்பி. காய்ந்த கொப்பையும் அடியில் நேராகக் கிளம்பும் முரட்டுத் துளிரையும் மழை இல்லாத நாளில் எடுத்துவிடலாம், முதிர்ந்த கொப்பில் வெட்டினாலும் துளிர்க்கும். தனியாக ஒரு கேள்வியாகப் போடுங்கள், மரத்தின் படத்தோடு. தங்கச்சி, நீங்களும் தையில் இலையோடு நிற்கும் தடிகளைப் படம் எடுத்துப் போடுங்கள். எந்த இடத்தில் வெட்டுவது என்று ஒவ்வொன்றாகக் குறித்துத் தருகிறேன்.